பவானி ஏறினால் நின்றுவிடும் கார்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, ஒயரிங் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லித்தரப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். லேப்டாப்பைச் சொருகினால் எந்த சென்சார் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் ஸ்கூடாய் ஊரில் இந்தக் கடையைத் திறந்த காலத்தில் இஞ்சின் பக்கத்தில் போய்க் காதைத்தான் நீட்ட வேண்டும். அந்தக் காதும் இப்போது என்னோடு சேர்ந்து பாதி ரிட்டயர் ஆகிவிட்டது.

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றால் அவன் தன் பெருமையை அளக்காமல் விடமாட்டான். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நாற்பது வருடம் கை அழுக்காக்கிக்கொண்ட இந்தத் தொழிலில் நான் மலைத்துப்போய் நின்றது என் வேலையைப் பார்த்து அல்ல, இன்னொருவர் வேலையைப் பார்த்து. அதைச் சொல்கிறேன்.

அவர் பெயரைப் போட்டால் சண்டைக்கு வருவார். ஆகவே கடையில் கூப்பிட்ட மாதிரியே ஆச்சி என்று வைத்துக்கொள்வோம். ஆச்சி என்றதும் வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள் யாரையும் நினைத்துவிடாதீர்கள். வயது முப்பதைத் தொடவில்லை. செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டில் பெண் பிள்ளைகளை அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள் என்று ஒருநாள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சீன மெக்கானிக் ஆ செங் உட்பட எல்லோருக்கும் அவர் ஆச்சிதான். இஞ்சினியரிங் முடித்துவிட்டு ஏசி அறையில் உட்காராமல் என் கடைக்கு வந்து சேர்ந்தார். இப்போது கூலாய் பக்கம் சொந்தமாகக் கடை நடத்துகிறார். காரை அவர் காடி என்றுதான் சொல்வார்.

அவர் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய கார்களில் கம்பெனி வைத்த இஞ்சின் கம்ப்யூட்டர் ஒருநாள் செத்துப்போகும். மாற்றுவதற்கு அதே பெட்டி எங்கேயும் கிடைக்காது. அப்போது வெளியில் செய்த வேறொரு பெட்டியை வாங்கி வைத்து, இந்த இஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று முதலிலிருந்து அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பாடத்தைத்தான் மேப் என்கிறோம். நம் தொழிலில் பலர் மேப்பை எழுதியதும் ரகசிய எண் போட்டுப் பூட்டிவிடுவார்கள், வேறு கடைக்காரன் திறந்து பார்த்துவிடக்கூடாது என்று. ஆச்சி பூட்டியதே இல்லை. நாளைக்கு நான் இல்லாத இடத்தில் வண்டி நின்றால் அதைத் திறந்து பார்ப்பவன் என்ன செய்வான் என்பார். அந்த ஒரு பேச்சிலேயே ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த குணசீலன் என்கிற குணா எங்கள் பழைய வாடிக்கையாளர். முப்பது வயதைக் கடந்த ஒரு ஜப்பான் கார் வைத்திருந்தார். அதற்குப் புதுப் பெட்டி வைத்து மேப் எழுதிக் கொடுத்ததே ஆச்சிதான். ஒரு வருடம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. அப்புறம் குணாவுக்குக் கல்யாணம் ஆனது. பெண் லாபிஸ் பக்கம், பெயர் பவானி. கல்யாணம் முடிந்த சில வாரங்களில் கார் நெடுஞ்சாலை நடுவில் நிற்க ஆரம்பித்தது.

நிற்பது என்றால் திணறி, இருமி நிற்பது அல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குலுக்கு, அவ்வளவுதான், இஞ்சின் செத்துவிடும். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துகொண்டிருக்கும். ஓரமாக ஒதுக்கிக்கொண்டு இழுவை லோரியைக் கூப்பிட்டால், அது வந்து சேர்வதற்குள் கார் நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். லாபிஸ் போகும் வழியில் மூன்று தடவை இப்படி ஆயிற்று. மூன்று தடவையும் முன் சீட்டில் பவானி இருந்தாள்.

குணா தனியாகப் போனால் நிற்காது. அவருடைய அம்மா ராஜம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போனால் நிற்காது. மருமகள் ஏறினால்தான் நிற்கும். இதைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர் அல்ல, ராஜம்மாதான். அந்தம்மா கெட்டவர் இல்லை. புருஷனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர், இருப்பது ஒரே மகன். பயம் வந்துவிட்டால் மனம் எங்கெங்கோ போய்க் காரணம் தேடுகிறது. பெண்ணின் ராசி சரியில்லை என்று முதலில் வாய்க்குள் சொன்னார், பிறகு வெளியில் சொன்னார். கடைசித் தடவை நின்றபோது லோரி ஒன்று கையெட்டும் தூரத்தில் விலகிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு பவானியை லாபிஸில் அவள் அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு.

குணா காரைக் கொண்டுவந்து விட்டபோது இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மாவையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை, மனைவி பக்கமும் பேசத் தைரியமில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கடைக்கு வந்தவரைத் திட்டி என்ன செய்ய? காரைத் திறந்தோம். புதிதாக ஏதாவது மாட்டினீர்களா என்று ஆச்சி கேட்டார். ஒன்றுமில்லையே என்றார் குணா. அவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

இரண்டு நாள் போட்டு அலசினோம். பெட்ரோல் பம்ப், பொறி காயில், எர்த், பேட்டரி என்று ஒன்று விடவில்லை. நான் ஓட்டினேன், ஆ செங் ஓட்டினான், செனாய் வரை போய்த் திரும்பினோம். தங்கமாக ஓடியது. அந்தக் காரின் டேஷ்போர்டில் ஒரு சின்ன முருகன் இருந்தார். தினமும் அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தோம். துடைக்கும்போது கூட ஆ செங் அவர்மேல் கைபடாமல் பயபக்தியோடு சுற்றித் துடைத்தான்.

வெள்ளிக்கிழமை குணா வந்து நின்றார். பம்ப்புக்குப் போகும் ரிலே ஒன்று பழசாக இருந்ததால் மாற்றியிருந்தோம். அதுதான் காரணம், சரிசெய்தாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை லாபிஸில் அதைச் சொல்லிச் சமாளித்துக்கொள்வேன் என்று கெஞ்சினார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு குடும்பம் ஒட்டிக்கொள்ள நம் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும் என்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று ஆச்சியைப் பார்த்தேன். அவர் தலையசைக்கவில்லை.

"ரிலேதான்னு நாம சொல்லிடலாம்ணே. அடுத்த வாரம் அந்தப் பொண்ணு ஏறி மறுபடியும் நின்னா? அப்புறம் காடிய யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

குணா முகம் சிவந்தது. ஆச்சி அவரை விடவில்லை. ஏன் நின்றது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரியாமல் தெரிந்த மாதிரி பேசமாட்டேன், காரையும் தரமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளே, தெரியவில்லை என்ற சொல்லை வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று உங்களுக்குப் போகப்போகத்தான் தெரியும். நான் கடை முதலாளி. எனக்கே அந்தத் தெம்பு எல்லா நாளும் வந்ததில்லை.

அப்புறம் அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அந்தப் பெட்டி ஓடும்போது நடப்பதைத் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். கடைசியாக லோரி முன்னால் நின்ற நேரத்துக் கோடுகளைக் காட்டினார். ஒரு சென்சார் கோடு விழுந்தால் அந்த சென்சார் கெட்டுவிட்டது என்போம். இங்கே காற்று, திராட்டில், இஞ்சின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சார் எல்லாம் ஒன்றாகச் சறுக்கிக்கொண்டு வந்து, ஒன்றாக விழுந்திருந்தன.

"எல்லாரும் ஒரே நேரத்துல பொய் சொல்ல மாட்டாங்கண்ணே. இவங்களுக்குச் சாப்பாடு போடுற வயர்ல யாரோ கை வச்சிருக்காங்க" என்றார்.

சென்சார்களுக்குப் பெட்டியிலிருந்து ஐந்து வோல்ட் போகும். அதைத்தான் சாப்பாடு என்றார். ஆனால் நாங்கள் அளந்தபோதெல்லாம் ஐந்து வோல்ட் சரியாகவே இருந்தது. அப்படியானால் பவானி இருக்கும்போது மட்டும் ஏன் குறைகிறது? நான் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பால் சேர்க்காத தேநீர், தே ஓ, ஆர்டர் செய்தேன். ஆச்சி குணாவிடம் போய், உங்கள் மனைவியை நாளைக் காலையில் இங்கே அழைத்து வாருங்கள் என்றார். அம்மா என்ன சொல்வாரோ என்று குணா இழுத்தார். அவர் இருக்கும்போது நிற்கிற காரை அவர் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று ஆச்சி கேட்டார். குணா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

யோசித்துப் பாருங்கள், அந்தக் காரைப் பற்றிக் குணாவிடம் கேட்டோம், அவர் மூலமாக ராஜம்மாவின் கதையைக் கேட்டோம், மூன்று தடவையும் உள்ளே இருந்த பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை பவானி தன் தம்பியின் காரில் வந்து இறங்கினாள். ஒல்லியான பெண். கண் கீழே கருத்திருந்தது. கடைக்குள் வந்தவள் அந்தக் காரின் பக்கம் போகாமல் தள்ளியே நின்றாள். ஆச்சி உள்ளே ஏறச் சொன்னபோது அவள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வேணாம்கா. நான் ஏறாம ஓட்டிப் பாருங்க, நல்லா ஓடும்."

அந்தப் பெண்ணே நம்பிவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆச்சி அவள் தோளில் கை வைத்து, எனக்கு உன் உதவி வேண்டும், இந்தக் கார் நிற்கும்போதெல்லாம் கூட இருந்த சாட்சி நீ ஒருத்திதான் என்றார். சாட்சி என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதுவரை அவளைக் குற்றவாளியாகவே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

ஆச்சி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், பவானி பக்கத்தில். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் முழங்காலை மடக்கித் திணித்துக்கொண்டேன். கதவைத் திறப்பதிலிருந்து வழக்கமாக என்னென்ன செய்வாயோ எல்லாவற்றையும் செய், சின்னதென்று எதையும் விடாதே என்றார் ஆச்சி. பவானி பெல்ட்டைப் போட்டாள். பையைக் காலடியில் வைத்தாள். பிறகு முழங்கால் பக்கம் கையை விட்டு எதையோ தட்டினாள். டேஷ்போர்டில் முருகனுக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறி. அவள் கும்பிட்டாள்.

இந்த விளக்கைத் தினமும் போடுவாயா என்று ஆச்சி கேட்டார்.

"ஏறினதும் போடணும், இறங்கும்போது அணைச்சிடணும்னு அத்தை சொல்லியிருக்காங்க. அதான் ஒருநாளும் மறக்க மாட்டேன்."

ஆச்சி வண்டியை எடுத்தார். கடைக்குப் பின்னால் தொழிற்பேட்டையைச் சுற்றும் காலிச் சாலையில் மெதுவாகப் போனோம். என் மடியில் இருந்த திரையில் ஐந்து வோல்ட் கோடு இருந்தது. முதல் சில சுற்றுகளில் அசையாமல் இருந்தது. அரைமணி நேரம் ஆனதும் துளித்துளியாக இறங்க ஆரம்பித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு குலுக்கு, இஞ்சின் நின்றுவிட்டது. பவானி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பவானியின் காலடியில் இருந்த மூடியைக் கழற்றினோம். எங்கள் பெட்டி இருப்பதும் அங்கேதான், லேப்டாப்பை வெளியிலிருந்தே சொருகிப் பார்த்ததால் அதுவரை திறக்கவில்லை. சென்சார்களுக்குச் சாப்பாடு போகும் ஒயரை உரித்து, அதில் ஒரு மெல்லிய ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அது நேராக முருகன் விளக்குக்குப் போனது. விளக்கு சூடேறச் சூடேற அதிகமாக இழுத்திருக்கிறது. சென்சார்கள் பட்டினியாகி இஞ்சின் நின்றதும், ஓரமாக ஒதுங்கிக் காத்திருக்கும் நேரத்தில் அது ஆறிவிடும். கிட்டப் பயணமென்றால் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். லாபிஸ் தூரம். அதனால்தான் லாபிஸ் போகும்போது நின்றது.

குணாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். கல்யாணமான கையோடு, காரில் சாமிக்கு ஒரு விளக்கு வை என்று அம்மா சொல்லியிருக்கிறார். விளக்கு ஐந்து வோல்ட்டில் எரிவது. குணா மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகத் தேடி, ஐந்து வோல்ட் வரும் ஒன்றைக் கண்டுபிடித்து, கெட்டிக்காரத்தனமாக அதில் கோர்த்துவிட்டார். புதிதாக ஏதாவது மாட்டினீர்களா என்று கேட்டபோது இது அவர் நினைவுக்கே வரவில்லை. சாமி விளக்கை யார் ஸ்பேர் பார்ட் கணக்கில் சேர்ப்பார்கள்? கும்பிட்டுக் கும்பிட்டு வேலை செய்த நாங்களும் சேர்க்கவில்லையே. குணா தனியாகப் போனால் விளக்கைத் தேடிக் குனிய மாட்டார். ராஜம்மா எப்போதும் பின் சீட்டு. சுவிட்ச் எட்டும் இடத்தில் உட்கார்ந்து, சொன்ன பேச்சைத் தவறாமல் கேட்டவள் பவானி ஒருத்திதான்.

ஆ செங் கட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தான். வெட்டி எடுத்துவிட்டு, விளக்குக்குத் தனியாக மின்சாரம் கொடுத்தால் அரைமணி நேர வேலை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆச்சி அவன் கையைப் பிடித்தார். மூடியை மறுபடியும் மாட்டச் சொன்னார். ஒயர் அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு குணாவிடம், இப்போது போய் உங்கள் அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார்.

எனக்கு எரிச்சல். கண்டுபிடித்தாகிவிட்டது, சரிசெய்து அனுப்பாமல் இது என்ன நாடகம் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இப்ப வெட்டிட்டா காடி சரியாயிடும்ணே. அந்தப் பொண்ணு மேல இருக்கிற கெட்ட பேரு சரியாகாது. வாயால சொன்னா அந்தம்மா நம்ப மாட்டாங்க, மகன் பொண்டாட்டிக்காகப் பேசறான்னு நெனப்பாங்க."

நான் இத்தனை வருடம் கார்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஆச்சி அதைத் தாண்டி ஒன்றைச் சரிசெய்யப் பார்க்கிறார் என்று அப்போது உரைத்தது.

மதியத்துக்குள் ராஜம்மா வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பவானியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். ஆச்சி விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அம்மா, ஒரு உதவி, கொஞ்ச நேரம் முன் சீட்டில் உட்கார வேண்டும் என்றார். நான் பின்னாலதான் உக்காருவேன் என்று அவர் தயங்கினார். இன்றைக்கு ஒருநாள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஆச்சி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், கடைக்குள்ளேயே கியர் போடாமல் இஞ்சினை ஓடவிட்டார். பவானியைக் காரிலிருந்து நன்றாகத் தள்ளி, வாசலருகே நிற்கச் சொன்னார். சாமி விளக்கைப் போடுங்கள் அம்மா, சுவிட்ச் அங்கே இருக்கிறது என்றார்.

ராஜம்மா சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்துப் போட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம். ஒன்றும் ஆகவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்குப் பார்த்து நிற்காமல் போய்விட்டால் எல்லாம் கெட்டது என்று நானே அந்த முருகனை வேண்டிக்கொண்டேன், தயவுசெய்து நிறுத்திவிடு என்று. நாற்பது வருடத்தில் ஒரு இஞ்சின் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த ஒருமுறைதான். ஆச்சி மட்டும் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

குலுக்கு வந்தது. இஞ்சின் செத்தது.

ராஜம்மா கண்ணைத் திறந்தார். ஆச்சி கொஞ்சம் ஆறவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லி மறுபடியும் ஓடவிட்டார். இம்முறை எவ்வளவு நேரம் விட்டும் நிற்கவில்லை. பிறகு போடச் சொன்னார். நின்றது. அதன் பிறகுதான் இறங்கி வந்து காலடி மூடியைக் கழற்றி, எந்த ஒயர் எதில் கோர்த்திருக்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். யார் கோர்த்தது என்பதைச் சொல்லவில்லை. குணாவே, நான்தான்மா என்றார்.

ராஜம்மா மகனைப் பார்க்கவில்லை. வாசலருகே நின்ற பவானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போடச் சொன்னதத்தானே போட்டா" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார்.

அப்புறம்தான் ஆ செங் கட்டரை எடுத்தான். விளக்குக்குத் தனியாக மின்சாரம் கொடுத்து, ஃபியூஸ் போட்டு, தொழிற்பேட்டையை எத்தனையோ சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தோம். அந்த நேரம் முழுக்க மாமியாரும் மருமகளும் கடை பெஞ்சில் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாங்கிக் கொடுத்த மைலோ கப்புகளில் ஒன்றை ராஜம்மா எடுத்துப் பவானி கையில் கொடுத்தார். அதை நான் பார்த்தேன்.

உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்றால் இவ்வளவுதான். கோளாறைக் கண்டுபிடித்ததும் கட்டரை எடுக்காதீர்கள். அந்தக் கோளாறை இத்தனை நாள் யார் தலையில் சுமத்தியிருந்தார்கள் என்று ஒரு நிமிடம் பாருங்கள். சில சமயம் அது ஒரு பழைய ரிலே, சில சமயம் பக்கத்துக் கடை மெக்கானிக், சில சமயம் வாய் திறக்காத ஒரு பெண். அந்தச் சுமையை அவர்கள் தலையிலிருந்து இறக்கிய பிறகு ஒயரை வெட்டினால் போதும்.

குணா காரைக் கிளப்பினார். ராஜம்மா வழக்கம்போல் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பவானி முன்னால் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள், பையைக் காலடியில் வைத்தாள். முழங்கால் பக்கம் போன அவள் கை பாதியில் நின்றது. திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தாள்.

"போடும்மா" என்றார் ராஜம்மா. "நம்ம வீட்டுக்குப் போலாம்."

விளக்கு எரிந்தது. கார் எங்கள் வாசலைத் தாண்டி, கூலாய் சாலையில் ஏறி, கண்ணுக்கு மறையும்வரை ஓடிக்கொண்டிருந்தது.